விதவை ஜன்னல்

மூடுபனி இறங்கிய காலைகளில் துறைமுக ஊரான வல்பராய்சோவில் கடல் இருக்கிறதா போய்விட்டதா என்று பத்து மணிவரை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கப்பல் ஊதுவது கேட்கும். மிதவைகளில் ஏறிப் படுத்துக்கொண்டு கடற்சிங்கங்கள் குரைப்பது கேட்கும். அந்தச் சனிக்கிழமை வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்று வருவதாக இருந்தது. அதனால் எர்மினியா விடிந்ததும் மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். கப்பல் வரும் நாளில் அறுபது எம்பனாதா போகும். கொத்துக்கறியும் வெங்காயமும் முந்தின நாளே வதக்கி வைத்தாயிற்று. வட்டமாகத் தேய்த்து, கறியை வைத்து, கால் முட்டையும் ஒரு ஆலிவும் வைத்து, மடித்து ஓரத்தை அழுத்த வேண்டியதுதான்.

அவளுடைய தம்பி ஓஸ்வால்தோ வெளியிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற கூலி அவன். பேர் கூப்பிட்டால்தான் வேலை. இன்று கூப்பிடவில்லை.

"என்னங்க அது?" என்றாள் நில்டா. அவன் பெண்டாட்டி. ஊர் சுற்றிக் காட்டும் கைடு. கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மீன் தலை. சந்தைல சும்மாவே அள்ளிக் குடுத்தான்."

"குழம்புக்கா?"

"வெயிலுக்கு. மாடிப்படில பரப்பி வைக்கப் போறேன். நாலு மணிக்கு வீடு பாக்க ஆள் வாறான்லா? அதுக்குள்ள நல்லா பதத்துக்கு வந்துரும். வாறவன் மூக்கப் பொத்திக்கிட்டு விஞ்ச் வரைக்கும் ஓடணும்."

"கூறு கெட்டுப் போச்சா ஒங்களுக்கு? மதினி படுக்கிற ரூமுக்குப் போற படி அது."

"ஒரு நாள் நாத்தம் பெருசா, வீடு பெருசா? நீயே சொல்லு. அக்கா, நீ சொல்லு."

எர்மினியா ஒரு எம்பனாதாவின் ஓரத்தை அழுத்தி, திருப்பிப் பார்த்து, தட்டில் வைத்தாள்.

"மதினி, நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"மாவு காயுது. கொஞ்சம் வெந்நி எடு" என்றாள் எர்மினியா.

இரண்டு வாரமாக இப்படித்தான். வீட்டை விற்கப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்ன நாளிலிருந்து அவளிடம் பேச்சு குறைந்துவிட்டது. மனசு உடைந்துபோயிருக்கிறாள் என்று நில்டா நினைத்தாள். ராத்திரி புருஷனிடம் சொன்னாள்: "நமக்கு எங்கயாச்சும் ஒரு மூல கெடைக்கும். மதினி அந்த ஜன்னல விட்டுட்டு இருக்க மாட்டாவ. செத்துருவாவ."

அந்த ஜன்னல்தான் எல்லா வினைக்கும் காரணம். அதற்குக் காரணம் நில்டாவின் வாய்.

குன்றின் சரிவில் ஒரு சந்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் தகர வீடு அது. இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறார்கள். கூரைக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு சிற்றறை, மூன்று பக்கமும் கண்ணாடி. முன்னால் குடியிருந்த சலவைக்காரர்கள் மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கட்டிக்கொண்டது. அதில் எர்மினியா படுத்துக்கொள்வாள். ஒன்பது வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் இரண்டு மாதம் வேலைநிறுத்தம். ஓஸ்வால்தோ வீட்டில் உட்கார்ந்துவிட்டான். எர்மினியா எம்பனாதா சுட்டு அடுக்களை ஜன்னலில் அடுக்கி வைத்தாள். வாங்கத்தான் ஆளில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள், கம்பிவடத்தில் குன்றேறும் விஞ்சில் ஏறி, மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் நில்டா பன்னிரண்டு பேரை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவர்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "அந்த வீட்டு உச்சியில ஏன் ஒரு கண்ணாடி ரூம்?" என்று கேட்டாள்.

கைடு வேலையில் 'தெரியாது' என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் அதோடு அந்த ஆள் காலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார். நில்டாவும் அண்ணாந்து பார்த்தாள். மேலே எர்மினியா ஒரு போர்வையை உலர்த்திவிட்டுக் கடலைப் பார்த்து நின்றாள். நில்டாவின் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. ஒரு கப்பல் தலைவன் இருந்தான். தெற்கே முனையைச் சுற்றிப் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி பதினேழு வருஷம் தினமும் இந்த ஜன்னலில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவள் பெயர் அமாலியா. அது அப்போது வீட்டில் இருந்த பூனையின் பெயர். வந்தவர்களில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எம்பனாதா எல்லாம் தீர்ந்துவிட்டது.

கதை எங்கிருந்து வந்தது என்று நில்டாவுக்குத் தெரியும். எர்மினியாவின் புருஷன் செகுந்தோ ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரனாக ஆண்ட்வெர்ப்புக்குப் போனான். கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. செத்துப்போகவில்லை. அந்த ஊரில் ஒருத்தியோடு சேர்ந்து ரொட்டிக் கடை வைத்திருப்பதாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். குன்று முழுக்க அந்தப் பேச்சு ஒரு வருஷம் ஓடியது. நில்டா அவனைக் கதையில் கடலில் மூழ்கடித்தாள். அவன் செய்ததற்கு அது கொஞ்சமும் போதாது.

அன்றைக்குச் சாயங்காலம் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தபோது பயந்துகொண்டே எர்மினியாவிடம் சொன்னாள். எர்மினியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ அழகா இருந்தாளா?" என்றாள்.

"யாரு மதினி?"

"அமாலியா."

"நல்ல அழகு."

"அப்பச் சரி."

அடுத்த தடவை ஆட்கள் வந்தபோது, "ஒரு நிமிசம் மேல போயி ஜன்னல்ல உக்காருங்களேன் மதினி, படம் எடுக்கணுங்காவ" என்றாள் நில்டா. எர்மினியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

நல்ல கதை ஒரே ஆளிடம் தங்குமா? கல்வரீனோ என்று ஒரு கைடு, வயிறு முன்னால் வர அவர் பின்னால் வருவார், அவர் கதையைத் தூக்கிக்கொண்டார். பதினேழு வருஷத்தை இருபத்துமூன்றாக்கி, கையில் ஒரு விளக்கையும் கொடுத்தார். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து சந்துப் படிச் சுவரில் கறுப்புத் துணி போட்ட பெண்ணை வரைந்தார்கள். ஊர் வரைபடத்தில் 'விதவை ஜன்னல்' என்று ஒரு புள்ளி விழுந்தது. பத்து வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத வீட்டுக்காரம்மா, முடி வெட்டும் கடையில் ஒரு பத்திரிகையைப் புரட்டும்போது தன் வீட்டின் படத்தைப் பார்த்தாள். பிறகென்ன, விலை பேச ஆள் வரத் தொடங்கியது. சொந்தப் பொய் இப்படி வீடு தேடி வந்து காலி செய்யச் சொல்லும் என்று யார் கண்டது?

நில்டா படகுத்துறைக்கு வந்தபோது மணி பத்து. அன்றைக்கு அவளுக்குத் தனி சவாரி. சாந்தியாகோவிலிருந்து வந்த ஒரு தம்பதி முழுநாளுக்கும் அவளை அமர்த்தியிருந்தார்கள். அவர் இக்னாசியோ, ஐம்பது வயது, வெள்ளைச் செருப்பு. வல்பராய்சோ படிக்கு வெள்ளைச் செருப்பு போட்டு வருகிறவரை நில்டாவுக்குப் பார்த்ததுமே பாவமாக இருந்தது. மனைவி சொலெதாத், அதிகம் பேசாத, எல்லாவற்றையும் நின்று பார்க்கிற பெண்.

படகில் துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மூடுபனி விலகி, குன்றுகள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழாக வெளியே வந்தன. கரைக்கு வந்து விஞ்சில் ஏறினார்கள். மரப்பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. ஏறுவதற்கு விஞ்ச், இறங்குவதற்குப் படி. நில்டாவின் கணக்கு அதுதான்.

"இங்க தண்ணி வசதி எப்படி?" என்று கேட்டார் இக்னாசியோ.

"நல்லா வரும் சார்."

"சாக்கடை? மழைக்காலத்துல கூரைத் தகரம் தாங்குமா?"

நில்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் பார்க்க வருகிற யாரும் சாக்கடையை விசாரிப்பதில்லை.

"உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "அந்த விதவை ஜன்னல் வீட்டை நாங்க வாங்கலாம்னு இருக்கோம். ஏழு ரூம் வச்சு ஒரு சின்ன ஹோட்டல். நாலு மணிக்கு உள்ள பாக்கணும். அதுக்கு முந்தி ஊரைத் தெரிஞ்ச ஒருத்தரோட சுத்திப் பாத்துரலாம்னுதான் உங்களைப் பிடிச்சோம். வெளிய சொல்லிராதீங்க. உள்ள வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்காம்."

"அவங்க எங்க போவாங்க?" என்றாள் சொலெதாத்.

"எங்கயாவது போவாங்க. அது வீட்டுக்காரம்மா பாடு."

விஞ்ச் மேல்தளத்தில் வந்து முட்டி நின்றது. நில்டா கடைசியாக இறங்கினாள். அந்தக் குடும்பம் நாங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவர் வேறு கைடைப் பார்த்துக்கொள்வார். நாலு மணிக்கு எப்படியும் வருவார். கையில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்த ஊரையே வேண்டாம் என்று அவரைச் சொல்ல வைத்துவிட்டால்?

வழக்கமாகக் காட்டும் எதையும் அவள் காட்டவில்லை. இருப்பதிலேயே செங்குத்தான படியில் ஏற்றினாள். போன கோடையில் தீப்பிடித்துக் கரிந்த வீடுகளின் பக்கம் கூட்டிப்போனாள். நிலநடுக்கத்தில் வாய்பிளந்த ஒரு சுவருக்கு முன் நிறுத்தினாள். ஆனால் இருபது வருஷம் ஊர்ப் பெருமை பேசிய வாய் அது, அவளுடைய சொல்லைக் கேட்கவில்லை.

"இந்தச் சுவர் அன்னைக்கு ராத்திரியே விரிஞ்சுது சார். இந்த வீட்டுக் கிழவர் ஒரு ஏணிய முட்டுக்கொடுத்துட்டு, எனக்கு முந்தி நீ விழப்படாதுன்னு சுவர்கிட்டயே சொல்லிட்டுப் படுத்துட்டார். ரெண்டு பேரும் இன்னும் இருக்காங்க."

"ஆஹா" என்றார் இக்னாசியோ. அந்த விரிசலைப் படம் எடுத்துக்கொண்டார்.

"காத்து ரொம்ப மோசம் சார் இங்க. மத்தியானத்துக்கு மேல தெக்கத்திக் காத்து வந்தா காயப்போட்ட சட்ட அடுத்த குன்றுல கெடக்கும். ஒரு தடவ அப்படி வந்த சட்டைய எடுத்துட்டுப் போய்க் குடுத்தவனையே ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கிட்டா."

சொலெதாத் சிரித்தாள். நில்டாவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

மத்தியானம் சந்தைக்கு மேலிருந்த சாப்பாட்டுக் கடையில் பொரித்த மீனும் வெங்காயத் தக்காளியும் வந்தன. அவள் மீனைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சாப்பிடலையே" என்றாள் சொலெதாத்.

"பசியில்ல மேடம்."

"காலையிலேர்ந்து உங்க முகம் சரியில்ல. நாங்க எதாவது தப்பாச் சொல்லிட்டோமா?"

அந்தக் கேள்வியிலேயே நில்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். மூன்றரை மணிக்கு அவர்களைச் சந்துப் படிக்குக் கூட்டிவந்தாள். சுவரில் இருந்த கறுப்புத் துணிப் பெண்ணுக்கு முன்னால் நின்றாள்.

"சார், ஒரு விசயம். இந்தக் கத பொய்."

"எது?"

"விதவை, கப்பல் தலைவன், எல்லாம். நான் கட்டுனது. ஒம்பது வருசத்துக்கு முந்தி, எம்பனாதா விக்கிறதுக்காக. அது துணி ஒணத்துற ரூம். அமாலியா எங்க வீட்டுப் பூன."

தொழில் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னாள். நில்டா இட்டுக்கட்டுகிறவள் என்று நாலு ஹோட்டலில் பேச்சுப் பரவினால் பிறகு அவளை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் இக்னாசியோ தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"பிரமாதம். அதனால என்னங்க இப்போ? வரைபடத்துல இருக்கு, சுவத்துல இருக்கு, ஜனங்க வர்றாங்க. எல்லாக் கதையும் என்னைக்கோ ஒருநாள் யாரோ ஒருத்தர் கட்டுனதுதானே? நீங்களே வந்து எங்க ஹோட்டல் வாசல்ல தினம் இதைச் சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பூனன்னா சொன்னீங்க?" என்றாள் சொலெதாத். அவள் சிரிக்கவில்லை. "அந்த வீட்ல இருக்கறது நீங்களா?"

நில்டா பதில் சொல்வதற்குள் மேலே கதவு திறந்தது. சாவியோடு வந்த வீட்டுக்காரம்மாவின் ஆள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே மீன் நாற்றம் வந்தது. அதற்கும் பின்னால் ஓஸ்வால்தோ.

"வாங்க, வாங்க. வீடு எப்பவும் இப்படித்தான். அடியில ஏதோ சாக்கட ஓடுது போல..." என்று ஆரம்பித்தவன், வந்தவர்களோடு தன் பெண்டாட்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பரவாயில்ல, வெள்ளையடிச்சா போயிரும்" என்று இக்னாசியோ மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஓஸ்வால்தோ சுவரில் சாய்ந்துகொண்டான். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீணாகிப்போன முகம் அது.

அடுக்களையில் எர்மினியா கடைசித் தட்டை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரும்போதே நில்டாவிடம் விசாரித்துவிட்ட சொலெதாத் அவளுக்கு வணக்கம் சொன்னாள். "மேல ரூம்ல படுக்கிறது நீங்கதானா?"

"நாந்தான்."

"எங்களை மன்னிச்சிருங்க. ஆள் இருக்காங்கன்னு தெரியும். ஆனா முகம் தெரியாதில்லையா? உங்களை அந்த ஜன்னல்லேர்ந்து கிளப்பிட்டு நாங்க அங்க ஆளைப் படுக்க வைக்கிறதுன்னா..." அவள் புருஷனைப் பார்த்தாள். "இது வேண்டாம், இக்னாசியோ."

நில்டா பிழைத்தோம் என்று நினைத்தாள். எர்மினியா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"வாங்கிக்கிடுங்கம்மா" என்றாள்.

"மதினி!"

"நீ சும்ம இரு நில்டா. வாங்கிக்கிடுங்க. நான் வேற வீடு பாத்து வச்சாச்சு. போன செவ்வாக்கெழம போய்ப் பாத்தேன். கில்புயேல, ரயிலடிக்குப் பக்கத்துல. தரையோட தரையா மூணு ரூம். முன்னால பள்ளிக்கூடம். எம்பனாதா விக்க அத விட எடம் கெடையாது. இவங்கிட்டயும் இவகிட்டயும் எப்படிச் சொல்லதுன்னுதான் ரெண்டு வாரமா முழிச்சிட்டு இருக்கேன்."

"அங்க கடல் கெடையாதேக்கா" என்றான் ஓஸ்வால்தோ.

"அதனாலதான் பாத்தேன்."

நில்டா அவள் பக்கத்தில் வந்தாள். "ஒங்களுக்காகத்தான மதினி... அந்த ஜன்னல் இல்லன்னா ஒங்களால இருக்க முடியாதுன்னு நான்..."

"நான் எப்பம்டி சொன்னேன் அப்படி?" எர்மினியாவின் குரலில் கோபம் இல்லை. "செகுந்தோ போயி மூணாம் வருசமே எனக்கு அவன் நெனப்பு விட்டுப் போச்சு. மேல போயித் துணி ஒணத்துவேன். கடலு முன்னால கெடந்துது, பாத்தேன். அவ்வளவுதான். நான் யாருக்கும் காத்திருக்கல. நீ ஒரு கத கட்டி, ஒரு நிமிசம் உக்காருங்க மதினின்னே. உக்காந்தேன். வேல இல்லாத நேரம், நாலு காசு வருதுன்னு உக்காந்தேன். மறுநாளும் உக்காந்தேன். கீழ நின்னு அம்புட்டுப் பேரும் பாவமாப் பாக்காவ. பாத்துப் பாத்து, ஒருநாள் ஒரு கப்பல் உள்ள வருது, எனக்கு நெஞ்சு அடிக்கி. எவன் வாறான்னு அடிக்கி? ரொட்டி சுடுதவன் வருவான்னா? ஒம்பது வருசமா நான் காத்திருக்கவளாட்டே ஆயிட்டேன்டி. ஒண்ணும் இல்லாததுக்கு."

நில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய, சூடான கை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. கேட்பவருக்கு ஏற்றபடி எதையும் திரித்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த ஒன்று மட்டும் வரவில்லை. வெறுமனே அழுதாள்.

"அழாத. அமாலியா நல்ல அழகுன்னு சொன்னேல்லா, அது எனக்குப் பிடிச்சிருந்துது" என்றாள் எர்மினியா. "அதான் நானும் எந்திரிக்காம உக்காந்துட்டேன். தப்பு ஒன்னோடது மட்டும் இல்ல."

அந்த நேரம் பார்த்துச் சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. கல்வரீனோவின் கட்டைக்குரல். கப்பல் கூட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பாஷையில் இருபத்துமூன்று வருஷம், விளக்கு, புயல் என்று அவர் ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது பேர் அண்ணாந்து கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூண்டில் யாரும் இல்லை. கல்வரீனோ அடுக்களைப் பக்கம் வந்து, "தங்கச்சி, அக்காவ ஒரு நிமிசம் மேல போகச் சொல்லு. எல்லாரும் காத்துட்டு நிக்காவ" என்றார்.

நில்டா எர்மினியாவைப் பார்த்தாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எர்மினியா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெற்குக் காற்று ஆரம்பித்திருந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணி படபடத்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்த முப்பது முகங்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"அங்க யாரும் இல்ல. யாரும் காத்திருக்கவும் இல்ல. எம்பனாதா சூடா இருக்கு, இங்கன வாங்க."

கூட்டத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எல்லோரும் கல்வரீனோவைப் பார்த்தார்கள். அவர் விழித்துக்கொண்டு நில்டாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இத நான் இவங்களுக்கு எப்படிச் சொல்லட்டும்?"

நில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி. ஒண்ணும் சேக்காதீங்க."